கர்ப்பத்துக்கு முன்: கீரையா, ஃபோலிக் மாத்திரையா?

குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்ததுமே வீட்டில் இரண்டு கட்சி. "தினம் கீரை சாப்பிடும்மா, மாத்திரையெல்லாம் உண்டான பிறகு பார்த்துக்கலாம்" என்றார் மாமியார். டாக்டரோ ஃபோலிக் அமிலத்தை (பி வைட்டமின் வகை) இப்போதே தொடங்கச் சொன்னார். நான் மாத்திரைப் பக்கம்தான். கீரையையும் விடவில்லை.

சிகரெட், மது கூடாது (கணவருக்கும்தான்), தினம் அரை மணி நேர நடை, சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனை. இதிலெல்லாம் இரு கட்சிக்கும் சண்டையே இல்லை.

கீரையில் ஃபோலேட்டோடு (அதே வைட்டமின், உணவில் இயற்கையாக இருக்கும் வடிவம்) நார்ச்சத்தும் சேர்ந்து வருகிறது. காராமணி, கொண்டைக்கடலை, ஆரஞ்சிலும் ஃபோலேட் உண்டு. சிக்கல் சமைக்கும் விதத்தில்தான். ஃபோலேட் தண்ணீரில் கரையும், சூட்டில் குறையும். நறுக்கிய பிறகு அலசி, நிறைய தண்ணீரில் வேகவிட்டு, வடித்துவிட்டுக் கடைந்தால் சத்தில் பெரும்பங்கு தண்ணீரோடு போய்விடும். வெந்த பாலக் கீரை அரை கப்பில் இருப்பதே சுமார் 130 மைக்ரோகிராம். கருத்தரிக்க நினைப்பவர்களுக்குச் சாப்பாடு போகத் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வேண்டும் என்கிறார்கள். அதோடு, மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலத்தை உடம்பு உணவில் உள்ளதைவிட எளிதாக எடுத்துக்கொள்கிறது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது அளவு அல்ல, நேரம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அது சரியாக மூடத்தான் ஃபோலிக் அமிலம் உதவுகிறது. அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். வீட்டில் சோதித்து, இரண்டு கோடு பார்த்து, டாக்டரிடம் தேதி வாங்கிப் போவதற்குள் பலருக்கும் அந்தக் கெடு தாண்டிவிடும். "உண்டான பிறகு" என்பது இந்த ஒரு விஷயத்துக்கு ரொம்பத் தாமதம். கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும், மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. பிறகு கர்ப்பத்தின் 12-வது வாரம் வரை தொடர வேண்டும். கீரை கிடைக்காத நாளும், வெளியூர்ப் பயண நாளும் இதில் இடைவெளி ஆகக்கூடாது. அந்தக் குட்டி மஞ்சள் மாத்திரை கைப்பையில் கூடவே வந்துவிடும்.

வாங்கும்போது அட்டையில் அளவைப் பாருங்கள். நம் மருந்துக் கடைகளில் சட்டென்று எடுத்துத் தருவது பெரும்பாலும் 5 மில்லிகிராம். அது 400 மைக்ரோகிராமைப் போல 12 மடங்குக்கும் மேல். முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள் போன்றோருக்கு டாக்டர்கள் எழுதித்தரும் அளவு அது. நான் சாப்பிட்டது 400தான். பல சத்துகள் சேர்ந்த விலை கூடிய மாத்திரைகளை நான் முயன்றதில்லை, அதனால் அவற்றுக்கு நல்லது கெட்டது சொல்லமாட்டேன்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். அது குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால், ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும். நரம்புப் பாதிப்பு உள்ளுக்குள் தொடரும்.