ஐந்நூறா, ஆயிரமா: எந்த ஜிக்சா மனதுக்கு ஓய்வு?

துண்டு துண்டாக வெட்டிய படத்தைப் பொருத்திச் சேர்க்கும் ஜிக்சா புதிரை அடுக்கிப் பழக நினைப்பவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை துண்டுப் பெட்டி வாங்கலாம் என்பதுதான். நான் முதலில் வாங்கியது 1000. இன்று என் அலமாரியில் இருப்பவற்றில் ஒன்றைத் தவிர எல்லாம் 500. ஆயிரம் கடினமாக இருந்ததால் மாறவில்லை. காரணம் வேறு.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஆயிரத்துக்கு நேரம் கூடுதலாகும், படம் பெரிது, நுணுக்கம் அதிகம். முடித்த படத்தை ஒட்டிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட நினைப்பவர் யோசிக்காமல் ஆயிரமே வாங்கலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் தோராயமானது. நீளவாக்கில் 38, அகலவாக்கில் 27 என்று வெட்டிய பல பெட்டிகளில் 1026 துண்டுகள் இருக்கும். 500 என்பதும் பல பெட்டிகளில் 27க்கு 19, அதாவது 513.

ஆயிரம் என்றால் உழைப்பு இரண்டு மடங்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எந்தத் துண்டு எதோடு சேரும் என்று பார்க்க வேண்டிய ஜோடிகளை எண்ணினால் 500 துண்டுகளுக்கு 1,24,750 வருகிறது. 1000 துண்டுகளுக்கு 4,99,500. நான்கு மடங்கு. நிறவாரியாகப் பிரிக்க முடிகிற படத்தில் இந்தக் கணக்கு நம்மைத் தொடுவதே இல்லை. ஒரே நீலமாக விரிந்த வானத்தில்தான் கைக்கு வருகிறது. என் முதல் படம் ஒரு துறைமுகம். மேல் பாதி முழுக்க வானம். துண்டின் ஓரத்தில் துருத்தி நிற்கும் குமிழ்களை எண்ணி, துண்டுகளை வடிவவாரியாகப் பிரித்தேன்: நான்கு குமிழ், மூன்று குமிழ், எதிரெதிராக இரண்டு, அடுத்தடுத்து இரண்டு, ஒன்று, குமிழே இல்லாதது என்று ஆறு குவியல். ஒவ்வொரு குவியலையும் வரிசையாக வைத்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த வேலை எனக்குப் பிடித்தே இருந்தது. மனம் வேறெங்கும் ஓடவில்லை. ஆகவே கடினத்தைக் காட்டி ஆயிரத்தை ஒதுக்க நான் தயாரில்லை.

ஒதுக்கச் செய்தது இடம். இடம் என்பதைவிட, பாதியில் எழுந்து போக முடிகிறதா என்பது.

ஒரு 1000 துண்டுப் படம் பொதுவாக 70க்கு 50 சென்டிமீட்டர். மேசை அதைவிடப் பெரிதாக இருந்தால் போதும் என்று தோன்றும். போதாது. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி வைத்தால், முடிந்த படத்தைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு இடத்தை அவை மட்டுமே பிடித்துக்கொள்ளும். படத்துக்கென ஒதுக்கிய இடத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். ஐந்நூறு துண்டுப் படம் ஏறக்குறைய 49க்கு 36. அதற்கு அதில் பாதி போதும்.

வீட்டில் எனக்கிருந்தது சாப்பாட்டு மேசை ஒன்றுதான். முதல் இரண்டு நாள் எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு தினமும் சாப்பாட்டு வேளைக்கு முன் மேசை காலியாக வேண்டும். கெட்டி அட்டை ஒன்றை அடியில் நுழைத்து, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கி அடுத்த அறைத் தரையில் வைப்போம். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அட்டை நடுவில் தொய்ந்தது. கட்டி முடித்திருந்த வானத்தின் இடது பக்கம் மெல்லப் பிளந்து, பனிப்பாறை நழுவுவதுபோல் தரையில் சரிந்தது. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல், அந்த வாரத்து அலுவலக எரிச்சல் அத்தனையையும்விடப் பெரிது. ஓய்வுக்காகத் தொடங்கிய ஒன்று தினமும் ஒரு வேளைக்கடமை ஆகிவிட்டிருந்தது. மூன்று வாரத்தில் முடித்தேன். முடித்த அன்று மகிழ்ச்சியைவிட மேசை திரும்பக் கிடைத்த நிம்மதியே மேலோங்கி இருந்தது.

சுருட்டி வைக்கும் கம்பளி விரிப்பும் வாங்கிப் பார்த்தேன். இறுக்கமாக வெட்டிய துண்டுகளுக்கு அது பரவாயில்லை. தளர்வாக வெட்டிய பெட்டியானால், சுருளை விரித்ததும் பாதித் துண்டுகள் கழன்று கிடக்கும். ஒரே பெட்டியில்தான் சோதித்தேன் என்பதால் விரிப்பே உதவாது என்று சொல்லமாட்டேன்.

ஐந்நூறுக்கு மாறிய பிறகு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. ஒரு பிளைவுட் பலகை மேல் படம் வளர்கிறது. உதிரித் துண்டுகள் விளிம்பு உயர்ந்த நான்கு தட்டுகளில் நிறவாரியாக இருக்கின்றன. எழுந்திருக்கும்போது பலகையை நான் ஒருவனே தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறேன். தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அலமாரியில் ஏறுகின்றன. இரவு இருபது நிமிடம் கிடைத்தாலும் எடுத்துவைத்துக்கொள்ளலாம். நேற்றிரவு சிவப்பு ஜன்னல் சட்டத்தின் ஒரு துண்டு, விரல் நுனி அகலம்தான், மூன்று நாளாகக் கண்ணில் படாமல் இருந்தது பழுப்புத் தட்டில் தலைகீழாகக் கிடைத்தது. வைத்ததும் குமிழ் குழிக்குள் இறங்கும் அந்தச் சின்ன அழுத்தம் விரலில் தெரிந்தது. அவ்வளவோடு எழுந்து தூங்கப் போனேன்.

ஆயிரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. ஆளுக்கொரு மூலை எடுத்து மூன்று பேர் சேர்ந்து அடுக்கும்போது ஐந்நூறு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, கைகள் முட்டிக்கொள்கின்றன. யாரும் தொடாத ஒரு மேசையும் கூட்டாளிகளும் உள்ளவர்கள் ஆயிரமே வாங்கட்டும். என்னிடம் மிச்சமிருக்கும் அந்த ஒரு பெட்டி, விடுமுறைக்கு வீட்டில் எல்லாரும் கூடும் நாட்களுக்கு.

மரப் புதிர் எப்படி என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். 250 துண்டுப் பெட்டி ஒன்றுதான் அடுக்கியிருக்கிறேன். லேசரில் வெட்டியது, திறந்ததும் கருகிய மர வாசனை. துண்டுகள் கனமாக, கைக்கு இதமாக இருந்தன. அதற்கு மேல் சொல்ல அனுபவம் போதாது. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி நிலப்படங்களை மரப்பலகையில் ஒட்டி, நாட்டெல்லை வழியே அறுத்துப் பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிக்க விற்றார். இந்தப் பொழுதுபோக்கு அங்கிருந்து வந்தது. எல்லைக்கோட்டில் அறுத்த துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது; பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். குமிழும் குழியும் வந்த பிறகுதான் பாதிப் படத்தை அப்படியே நகர்த்த முடிகிறது. ஆகவே பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் செய்வது, நான்கைந்து துண்டுகளைச் சேர்த்து ஒரு முனையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்ப்பது. தொங்கினாலும் கழலாமல் வந்தால் நல்ல வெட்டு.

முதல் பெட்டி வாங்குகிறவர்களுக்கு: 500 எடுங்கள். வானமோ கடலோ படத்தில் கால் பங்குக்கு மேல் இல்லாததாகப் பாருங்கள். அதே நாளில் பலகையும் வாங்கிவிடுங்கள். படத்தைவிட நான்கு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் கூடுதல், அதாவது 60க்கு 46 இருந்தால் சரியாக இருக்கும். வாங்குமுன் கட்டிலுக்கடியில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.