ரைட்டா சாண்டோவாலா, டிக்கியா கெய்னா: 2012 ஆல்-ஸ்டார் சர்ச்சை

பேஸ்பாலில் நேஷனல், அமெரிக்கன் என்ற இரண்டு லீக்குகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு யாரை எடுப்பது என்ற சண்டை அமெரிக்காவில் வருஷா வருஷம் நடப்பதுதான். 2012-இல் மட்டும் ஒரே ஆட்டத்துக்காக இரண்டு சண்டைகள். இரண்டிலும் ஒரு பக்கம் நியூயார்க் மெட்ஸ், மறுபக்கம் சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ். இரண்டும் நேஷனல் லீக் அணிகள். தோற்றது இரண்டிலும் மெட்ஸ்தான்.

முதலாவது, நேஷனல் லீகுக்காக மூன்றாவது பேஸை (ஓடுபவர் சுற்றிவர வேண்டிய நான்கு முனைகளில் ஒன்று) காப்பவரின் இடம். அதை ரசிகர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். மெட்ஸின் டேவிட் ரைட் அந்த வருஷத்தின் முதல் பாதியில் எடுத்த பேட்டிங் சராசரி .351. அதாவது கணக்கில் சேரும் ஒவ்வொரு நூறு வாய்ப்பிலும் 35 ஹிட் (பந்தை அடித்து பேஸைப் பிடிப்பது). பத்துக்கு மூன்று அடித்தாலே நல்ல ஆள் என்று சொல்லும் விளையாட்டு இது. கூடவே 11 ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது), 59 ஆர்.பி.ஐ. (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்). எதிரே ஜயன்ட்ஸின் பாப்லோ சாண்டோவால். மே மாதத் தொடக்கத்தில் கை எலும்பு உடைந்து ஒரு மாதத்துக்கும் மேல் ஆடவே இல்லை. திரும்பி வந்து நன்றாகத்தான் அடித்தார். ஆனாலும் ரைட்டின் பக்கத்தில் வைக்கிற கணக்கு இல்லை.

ஓட்டு எண்ணியபோது ஜெயித்தது சாண்டோவால். நியூயார்க்கின் மக்கள்தொகை எண்பது லட்சத்துக்கு மேல். சான்பிரான்சிஸ்கோவுக்கு எட்டு லட்சம். ஆனால் ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு 25 ஓட்டு போடலாம் என்று விதி இருக்கும்போது தலைகளை எண்ணி என்ன பிரயோஜனம்? எத்தனை பேர் என்பதைவிட எத்தனை வெறி என்பதே அங்கே கணக்கு. சாண்டோவாலுக்குச் செல்லப்பெயர் 'குங்ஃபூ பாண்டா'. பெரியவர்களே பாண்டா தொப்பி போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வருகிற ஊர் அது. ரைட் நல்ல பையன், ஒழுங்காக விளையாடுவார். அவருக்கென்று யார் தொப்பி தைப்பார்கள்?

சரி, ஆட்டம் என்ன ஆயிற்று? ஜூலை 10, கான்சஸ் சிட்டி. அமெரிக்கன் லீகுக்காகப் பந்து வீசியவர் டெட்ராய்ட்டின் ஜஸ்டின் வெர்லாண்டர், அப்போது உலகிலேயே பயங்கரமான பிட்சர். முதல் இன்னிங்ஸிலேயே மூன்று பேஸிலும் ஆள். சாண்டோவால் வந்தார், வலப்பக்க ஆழத்துக்கு ஒரு ட்ரிபிள் (அடித்தவர் மூன்றாவது பேஸ் வரை ஓடிவிடும் அடி) அடித்தார், பேஸில் நின்ற மூவரும் ஓடி வந்து ரன் எடுத்தார்கள். பேஸ்கள் நிறைந்திருக்கும்போது ட்ரிபிள் என்பது ஆல்-ஸ்டார் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. நேஷனல் லீக் 8-0 என்று ஜெயித்தது.

ரசிகர்கள் தேர்வு சரிதான் என்று அப்போதே பலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேர்வு நடந்தது ஜூலை 10-க்கு முன்னால். அன்று கையில் இருந்த கணக்கைப் பார்த்தால் ரைட்தான். பின்னால் அடித்த ஒரு ட்ரிபிள் முன்னால் போட்ட ஓட்டை நியாயமாக்கிவிடாது. (அந்தக் காலத்தில் இந்த ஆட்டத்தில் ஜெயிக்கும் லீகுக்கே, இரு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரின் சொந்த மைதான வசதி. அக்டோபரில் அதை அனுபவித்தது ஜயன்ட்ஸேதான். முதல் ஆட்டத்தில் சாண்டோவால் மூன்று ஹோம் ரன், அதில் இரண்டு அதே வெர்லாண்டர் பந்தில். விதிக்கும் பாண்டாவைப் பிடித்திருந்தது போல.)

இரண்டாவது சண்டை இவ்வளவு சுலபமில்லை. தொடக்கப் பிட்சர் யார்? மெட்ஸின் ஆர்.ஏ. டிக்கி 12 வெற்றி, 1 தோல்வி. ஜயன்ட்ஸின் மாட் கெய்ன் 9-3. வேடிக்கை என்னவென்றால் இருவரும் உச்சத்தைத் தொட்டது ஒரே ராத்திரியில். ஜூன் 13 அன்று கெய்ன் ஹூஸ்டனுக்கு எதிராக ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் பெர்ஃபெக்ட் கேம் வீசினார். அதே அன்று டிக்கி டாம்பா பே அணிக்கு ஒரே ஒரு ஹிட் கொடுத்தார். அந்த ஒன்றும் மூன்றாவது பேஸ் பக்கம் உருண்ட பந்து. ரைட் வெறுங்கையால் அள்ளப் பார்த்தார், சிக்கவில்லை. அதை ரைட்டின் பிழையாக மாற்றுங்கள் (அப்படியானால் அது ஹிட் ஆகாது) என்று மெட்ஸ் முறையீடு செய்தும் பார்த்தது, நடக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் டிக்கி மறுபடியும் ஒரே ஹிட்.

கணக்குப்படி நான் டிக்கியைத்தான் போட்டிருப்பேன். ஆனால் நேஷனல் லீகின் மேனேஜர் டோனி லா ரூசா கெய்னை எடுத்ததற்கு ஒரு காரணம் வைத்திருந்தார், அதை ஒதுக்கவும் முடியவில்லை. டிக்கி வீசுவது நக்கிள்பால். சுழற்சியே இல்லாமல் வரும், எந்தப் பக்கம் திரும்பும் என்று வீசியவருக்கே தெரியாது. தொடக்கக் கேட்சர் ஜயன்ட்ஸின் பஸ்டர் போஸி, கெய்னின் பந்தை வருஷம் முழுக்கப் பிடிப்பவர். அவரைக் கொண்டுபோய் பழகாத நக்கிள்பாலுக்கு முன்னால் உட்கார வைப்பானேன் என்பது லா ரூசாவின் யோசனை. கெய்ன் இரண்டு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார், டிக்கி பின்னால் வந்து ஒரு இன்னிங்ஸ் அதே மாதிரி.

அந்த வருஷம் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது டிக்கிக்கே போனது. டிசம்பரில் மெட்ஸ் அவரை டொரான்டோவுக்கு மாற்றிவிட்டபோது, அவர் பந்தைப் பிடித்துப் பழகிய கேட்சர் ஜோஷ் தோலும் அதே ஒப்பந்தத்தில் கூடவே போனார்.