சர்க்குலர் சா வாங்கப் போகிறீர்களா? முதலில் பிளக்கைப் பாருங்கள்

ராமநாதபுரம் கடைத்தெருவில் ஒரு கடையில், பெரிய கம்பெனி மெஷினைப் போலவே நிறம் அடித்து, பெட்டி முழுக்க ‘2000 வாட்ஸ், 100% காப்பர்’ என்று அச்சிட்டு 7 இன்ச் சர்க்குலர் சா (வட்ட பிளேடால் மரம் அறுக்கும் கை மெஷின்) விற்கிறார்கள். விலை மூவாயிரத்துச் சொச்சம். நான் வாங்கினேன். அது 2000 வாட்ஸும் இல்லை, மோட்டார்க் காயில் காப்பரும் இல்லை. வாரண்டி கார்டு வெறும் அட்டை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, இதே சரக்கு வேறு வேறு பெயர் ஒட்டி எங்கும் வரக்கூடியது. அடையாளம் தெரிந்தால் எந்த ஊர்க் கடையிலும் தப்பிக்கலாம்.

எங்கள் வீடு உச்சிப்புளி தாண்டி, கடல் பக்கம். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது நல்ல வைரம் பாய்ந்த பனங்கைகள் (ஓட்டைத் தாங்கிய பனைச் சட்டங்கள்) மிஞ்சின. கொல்லையில் விழுந்த வேம்பை அறுத்துவைத்த பலகையும் இருந்தது. ஆட்டுக்கொட்டகைக்குக் கதவு, திண்ணைக்கு ஒரு பெஞ்சு, அடுப்படிக்கு பிளைவுட் தட்டு, இவ்வளவுதான் வேலை. இந்தச் சின்ன வேலைக்கெல்லாம் இங்கே ஆசாரி கிடைப்பது குதிரைக்கொம்பு. பனையைக் கைரம்பத்தால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளிப்பக்கம் கறுத்து இறுகிய நார், உள்ளே மெத்தென்ற வெறும் சோறு. ரம்பம் தன் இஷ்டத்துக்கு உள்பக்கம் ஓடும்.

கடைக்காரர் இனிமையாகத்தான் பேசினார். “அண்ணே, கம்பெனி மெஷின் எல்லாம் 1200, 1300 வாட்ஸ்தான். அதுக்கு ரெண்டு மடங்கு காசு. இது 2000. பனை என்ன, இரும்பையே அறுக்கும்” என்றார். சுவிட்சைப் போட்டு ஓட்டியும் காட்டினார். சும்மா ஓட்டினால் எந்த மெஷினும் ஜம்மென்றுதான் ஓடும். கூடவே ஒரு பிளேடு இலவசம். பில் கேட்டேன். ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பு போட்ட துண்டுச் சீட்டு வந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, மாடல் இல்லை, ‘கட்டிங் மெஷின் – 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. பில் போட்டால் 18 சதவீதம் கூடுமாம். எம்.ஆர்.பி. என்று அச்சிட்ட விலையே எல்லா வரியும் சேர்த்துத்தான் என்றால், “அது பெரிய கடைகளுக்குண்ணே” என்று சிரிக்கிறார்.

பிளைவுட்டை அறுத்தது. வேப்பம்பலகையில் முனகியது. பனங்கையில் வைத்துத் தள்ளியதும் காற்றுத் துளை வழியாகப் பொறி பறந்தது, வார்னிஷ் கருகும் நாற்றம். அடித்தட்டு மெல்லிய தகரம். கொஞ்சம் அழுத்தினால் வளைகிறது, 90 டிகிரியில் இறுக்கிவைத்தாலும் நடுவழியில் நழுவுகிறது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் ஒரு வெட்டுகூட நேராக இல்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பிளேடை மூடும் பாதுகாப்பு மூடி, அதாவது கார்டு (guard). அறுத்து முடித்து மெஷினைத் தூக்கிய நொடியில் அடிப்பக்கக் கார்டு தானாகத் திரும்பி பிளேடை மூட வேண்டும். இதில் ஸ்பிரிங் அவ்வளவு மட்டம், எங்கள் உப்புக்காற்றில் சீக்கிரமே துருவேறி, மரத்தூளும் சேர்ந்துகொண்டு பாதியிலேயே நின்றுவிட்டது. சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு சில விநாடி சுற்றும், அதுவும் திறந்தபடியே. நல்லவேளை, யாரும் பக்கத்தில் இல்லை. கடையில் போய்ச் சொன்னால், “கார்டைத் தூக்கிக் கம்பி போட்டுக் கட்டிருங்கண்ணே, ஆசாரிங்க எல்லாம் அப்படித்தான் ஓட்டுறாங்க” என்கிறார். பணத்தை ஏமாற்றியதைவிட இந்த ஒரு பேச்சுக்குத்தான் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. கை போனால் எந்தக் கடைக்காரன் தருவான்?

கருகிய நாற்றத்தைப் பற்றிக் கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. “ஓவர்லோடு குடுத்துட்டீங்க, காயிலுக்கு வாரண்டி கிடையாது.” சரி, அந்த நிறத்துக்குச் சொந்தமான பெரிய கம்பெனியிடமே கேட்போம் என்று மதுரையில் சர்வீஸ் சென்டர் வரை கொண்டுபோனேன். அங்கிருந்த பையன் ஸ்டிக்கரைப் பார்த்ததுமே தலையை ஆட்டினான். “சார், இது எங்க மெஷினே இல்ல. கலர் மட்டும்தான் எங்களோடது.” சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

திரும்பி வந்து, தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டும் மாமா ஒருவரிடம் பிரிக்கக் கொடுத்தேன். மோட்டாரில் சுற்றாமல் நிற்கும் ஃபீல்டு காயிலின் கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டினார். மேலே செம்பு நிற வார்னிஷ், உள்ளே வெள்ளை. “அலுமினியம் மாப்ள.” ஒரே பருமனில் அலுமினியக் கம்பி செம்பைப் போல மின்சாரம் கடத்தாது, அறுபது சதவீதம்தான். அதனால் கூடுதலாகச் சூடாகிறது, வார்னிஷ் கருகுகிறது. பின்பக்கம் பால் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புஷ் (உருளாத உலோக வளையம்).

அப்புறம் அவர் கையில் எடுத்தது பிளக்கை. சின்ன 6 ஆம்பியர் பிளக், மெல்லிய ஒயர். 2000 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் வருகிறது. உண்மையிலேயே அவ்வளவு இழுக்கும் மெஷினாக இருந்தால் இந்தப் பிளக்கும் ஒயரும் சூடாகி உருகக்கூடும். “2000 வாட்ஸ் வாட்டர் ஹீட்டருக்குச் சின்ன பிளக் போட்டுப் பார்த்திருக்கியா? பெரிய 16 ஆம்பியர் பிளக்தானே வரும்?” என்றார் மாமா. 1200 வாட்ஸ் என்றால் ஐந்து ஆம்பியர் சொச்சம், அதற்குச் சின்ன பிளக் சரி. ஆக, 1200 என்று அடக்கமாகப் போட்டுச் சின்ன பிளக் வைத்திருப்பவனை நம்பலாம். 2000, 2200 என்று பெட்டியில் கத்திவிட்டு அதே பிளக்கை மாட்டியிருப்பவன் கண்ணெதிரே பொய் சொல்கிறான். கடையில் நின்றபடியே, ஒரு ஸ்குரூகூடக் கழற்றாமல் பார்க்கலாம்.

இலவச பிளேடைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல பிளேடில் அதிகபட்சச் சுழற்சி வேகம் பொறித்திருக்கும், அது மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 7 இன்ச் மெஷின்கள் பொதுவாக நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் ஓடும். என் பிளேடில் எந்த எண்ணும் இல்லை. நடுத்துளை பெரிது, ஷாஃப்ட் சிறிது, இடைவெளிக்கு ஒரு லொடலொட வளையம். இந்த மாதிரி மரம் அறுக்கும் பிளேடைச் சிலர் கிரைண்டரில் மாட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 4 இன்ச் கிரைண்டர் 11,000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். மரம் பிளேடைக் கவ்விப் பிடித்தால் கையில் நிற்காது.

மண்டபத்தில் படகு வேலை பார்க்கும் ஆசாரி ஒருவரிடம் அப்புறம் கேட்டேன். வாட்ஸைப் பற்றி அவர் பேசவே இல்லை. “கார்பன், ஆர்மேச்சர் மாதிரி மோட்டார் ஸ்பேர் எங்க கிடைக்கும்னு கேட்டுட்டு, அப்புறம் மெஷினை வாங்குங்க தம்பி. கடற்கரையில எந்த மெஷினா இருந்தாலும் ஒரு நாள் பிரிக்கத்தான் வேணும்” என்றார். அவருடையது பழைய 7 இன்ச், வார்ப்பு அலுமினிய அடித்தட்டு. வேலை முடிந்ததும் தூளை ஊதிவிட்டு, கார்டு ஸ்பிரிங்கிலும் அடித்தட்டிலும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. கொட்டகையில் போடாமல் வீட்டுக்குள் வைக்கிறார். நானும் அந்த மாதிரி ஒன்றைப் பில்லோடு வாங்கியிருக்கிறேன். 1200 வாட்ஸ்தான். கார்டைத் தூக்கி விட்டால் டக்கென்று மூடுகிறது, அடித்தட்டைக் கடைக் கண்ணாடி மேல் வைத்தேன், ஆடவில்லை. பனங்கையை நிதானமாகத் தள்ளினால் அறுத்துவிடுகிறது. நீளவாக்கில் கிழிக்க 24 பல் பிளேடு, பிளைவுட்டுக்கு 60 பல்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து மெஷின் கொண்டுவருகிறவர்கள் உண்டு. மெஷினின் விவரத் தகட்டில் 220–240 வோல்ட் என்று இருந்தால் ஓடும். ஆனால் அந்த வாரண்டி இங்கே செல்லுமா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பணம் விஷயம். பில் தர மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் பழுதான பொருளை அவர்கள் திரும்ப எடுத்தாக வேண்டும். ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்ற பலகைக்குப் பயப்படாதீர்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருடம் எதுவும் இல்லை, அதையும் சேர்த்துச் சொன்னேன். புகார் எண் போனதும் கடைக்காரர் தானே கூப்பிட்டுப் பாதிப் பணம் தருகிறேன் என்றார். முழுப் பணம் என்று சொல்லியிருக்கிறேன். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், ஐந்து லட்சம் வரை உள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது.

கையில் வெறும் எஸ்டிமேட் சீட்டு மட்டுமே இருந்திருந்தால் புகார் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஜிபேயில் பணம் அனுப்பியதால் கடையின் பெயரும் தேதியும் அதில் நிற்கின்றன. இதே மெஷினை வாங்கியவர்கள் இருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள், பெட்டியையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.