போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்: கவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்

கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கும் எங்களுக்கு ஹார்ட் டிஸ்க் செலவு ஓய்வதே இல்லை. முகூர்த்தமும் ரிசப்ஷனும் சேர்ந்தால் ரா ஃபைலும் 4கே வீடியோவுமாக 300, 400 ஜிபி சாதாரணமாக வந்துவிடும். ஆல்பம் கொடுத்து முடித்தபிறகும் அழிக்க மனம் வராது. சில வருடம் கழித்து, "அப்பா தவறிட்டாருண்ணே, அன்னைக்கு எடுத்ததுல அவர் மட்டும் இருக்கிற மாதிரி ஒரு படம் கிடைக்குமா?" என்று யாராவது வந்து நிற்பார்கள். அப்போது இல்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காகவே எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

பத்து வருடத்துக்கு மேலாக சீகேட், டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்), தோஷிபா மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் இன்று இந்த மூவர்தான். கடையில் டிபியும் விலையும் சொல்வார்கள். நான் முதலில் விசாரிப்பது வேறு ஒன்று: கவரைக் கழற்றினால் உள்ளே சாட்டா பின் (டிஸ்கைக் கம்ப்யூட்டருக்குள் நேராக மாட்டும் இணைப்பு) உள்ள டிஸ்க் இருக்குமா?

சில மாடல்களில் உள்ளே லேப்டாப்பில் போடும் அதே 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான் இருக்கும்; அதன் நுனியில் யூஎஸ்பிக்கு மாற்றும் சின்ன போர்டு ஒன்று செருகியிருக்கும். சீகேட் எக்ஸ்பான்ஷன், பேக்கப் பிளஸ் வகைகள் பெரும்பாலும் இப்படித்தான். டபிள்யூடி மை பாஸ்போர்ட் போன்றவற்றில் யூஎஸ்பி சாக்கெட்டை டிஸ்கின் சொந்த போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்; சாட்டா பின் இல்லாததால் கழற்றிக் கம்ப்யூட்டரில் நேராக மாட்ட முடியாது. போதாததற்கு, நாம் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் பல மை பாஸ்போர்ட் மாடல்கள் தகவலை என்கிரிப்ட் செய்தே, அதாவது பூட்டிய குறியீடாக மாற்றியே, எழுதுகின்றன.

இந்த வித்தியாசம் பெட்டியில் எங்கும் எழுதியிருக்காது. ஆனால் இந்த டிஸ்குகளில் முதலில் தளர்வது பெரும்பாலும் யூஎஸ்பி கேபிள் செருகும் அந்த அகலமான மைக்ரோ பி சாக்கெட்தான். எங்கள் ஸ்டுடியோவில் எடிட்டிங் பார்க்கும் தம்பி எழுந்து போகும்போது கேபிள் கையில் மாட்டி, சாக்கெட்டே பெயர்ந்து வந்துவிட்டது. அது சாட்டா வகை. கவரைக் கழற்றி டெஸ்க்டாப்பில் நேராக மாட்டினோம். ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. இதே நிலை இன்னொரு ஸ்டுடியோக்காரருக்கு வந்தபோது அவருடையது பற்றவைத்த வகை. ரெக்கவரி செய்பவர்கள் கேட்ட தொகைக்குப் புதிதாகப் பல டிஸ்க் வாங்கியிருக்கலாம். வாரண்டி இருந்தது, சரி. ஆனால் வாரண்டியில் டிஸ்க்தான் வரும், படம் வராது.

மாடலுக்கு மாடல் இது மாறுவதால், வாங்குவதற்கு முன் அந்த மாடலைப் பிரித்துக் காட்டும் வீடியோ ஒன்றைத் தேடிப் பார்த்துவிடுங்கள். கவரைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும். அந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் 2.5 அங்குல சாட்டா டிஸ்கையும் யூஎஸ்பி கேஸையும் தனித்தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். கேஸ் கெட்டால் கேஸை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்தது வேகம். இப்போது வரும் 2.5 அங்குல டிஸ்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை. கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் ஏறியிருக்கும். அதனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து எழுத வேண்டும். புது டிஸ்கில் நொடிக்கு 120 எம்பி வேகத்தில் ஏறும். பாதி அழித்துப் பாதி நிரப்பிப் புழங்கிய டிஸ்கில் பெரிய ஃபோல்டரைப் போட்டால் 20, 30க்கு இறங்கிவிடும். பலர் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்படுவது இதைப் பார்த்துத்தான். ஒருமுறை எழுதி எடுத்துவைக்க இந்த வகை தாராளமாகப் போதும். அதிலேயே வைத்து எடிட் செய்யக் கூடாது. அதற்குச் சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிதான். நான் எடிட்டிங்குக்கு மட்டும் ஒரு எஸ்எஸ்டி வைத்துக்கொண்டு, சேமிப்பை முழுக்க ஹார்ட் டிஸ்கில் வைக்கிறேன். நெடுநாள் கரண்ட் இல்லாவிட்டால் எஸ்எஸ்டியில் தகவல் அழியலாம் என்பதால், வருடக்கணக்கில் அலமாரியில் கிடக்கப் போவதை அதில் விட எனக்குத் துணிவில்லை.

1 டிபி வாங்கினால் விண்டோஸில் 931 ஜிபிதான் காட்டும். அது கணக்கிடும் முறை, ஏமாற்று இல்லை. விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மெட் செய்யுங்கள். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். எழுதும்போது கேபிள் பிடுங்கிக்கொண்டாலும் அது ஓரளவு தாங்கும்.

மாதம் ஒருமுறை, டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்க்கிறேன். அதில் 05 (கெட்டு மாற்றப்பட்ட பகுதிகள்), சி5 (படிக்கத் தடுமாறும் பகுதிகள்) என்ற இரண்டு வரிகளும் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். எண் ஏற ஆரம்பித்தால் அன்றே வேறு டிஸ்குக்கு மாற்றிவிடுவேன்.

இன்று வாங்குவதென்றால் ஒரு 4 டிபிக்குப் பதில் இரண்டு 2 டிபி வாங்கி, இரண்டிலும் ஒரே காப்பியை வைப்பேன். ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில். கைக்கு வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். 2 டிபிக்கு ஓர் இரவு முழுக்க ஓடும், ஓடட்டும். குறை இருந்தால் கடையில் மாற்றித் தரும் நாட்களுக்குள்ளேயே தெரிந்துவிடும். ஆன்லைனில் சல்லிசாக 16 டிபி என்று போட்டு விற்கும் போலிகளும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.