சீட்டாட்டம் வெளியிட: கிக்ஸ்டார்டரா, ஊர் முன்பதிவா?

பனையும் ஒடியற்கூழும் வைத்து சீட்டாட்டம் ஒன்று வடிவமைத்த யாழ்ப்பாணத்துத் தம்பிமார் இருவர் கேட்டார்கள்: அச்சிடும் காசை இணையத்தில் பலரிடம் திரட்டும் கிக்ஸ்டார்டர் தளத்தில் சேர்ப்பதா, ஊரில் தெரிந்தவர்களிடம் முன்பணம் வாங்கிச் சேர்ப்பதா?

காசு: கிக்ஸ்டார்டரில் இலக்குத் தொகை முழுதும் சேர்ந்தால்தான் கைக்கு வரும். அதிலும் 5 சதவீதம் கிக்ஸ்டார்டருக்கு, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. ஊர் முன்பதிவில் இந்தக் கழிவு இல்லை. ஆனால் சேர்வதும் சொந்தக்காரர் காசுதான்!

தொடங்குவது: இலங்கையில் இருந்துகொண்டு கிக்ஸ்டார்டரில் திட்டம் போட முடியாது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மாமா தன் பெயரில் போட வேண்டும். வரிக் கணக்கும் அவர் தலையில். முன்பதிவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும்.

தாள்: இங்கேதான் ஊர் சறுக்குகிறது. உள்ளூர் அச்சகத்தில் எடுத்த மாதிரிச் சீட்டுக்கட்டை, 304 என்ற சீட்டாட்டம் ஆடுவதுபோல் ஒரு மாலை முழுக்கக் கலைத்துப் பார்த்தோம். மூலைகள் பிரிந்தன. விளக்குக்கு நேரே பிடித்தால் எதிராளி கையில் பனங்காய் தெரிந்தது. அப்புறம் என்ன ஆட்டம்? நடுவில் கறுப்புப் படலம் உள்ள தாள் வேண்டும்.

நூறு கட்டு அடித்து விதிகளைச் சரிபார்க்க ஊர் முன்பதிவே சரி. வெளிநாட்டுத் தமிழரை நம்பி ஆயிரம் கட்டு என்றால், மாமாவுக்கு இப்போதே போன் எடுங்கள்.