கண்ணாடி ஜன்னலுக்குப் பொட்டு டேப்: எட்டு மாதம் ஒட்டிப் பார்த்ததில்

எங்கள் கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். இரண்டாவது மாடி, எதிரே மரம், வெயில் சாயும் நேரத்தில் வெளியே நின்று பார்த்தால் கண்ணாடியே தெரியாது, மரம்தான் தெரியும், அதுவும் இலை இலையாக. குடிவந்த புதிதில் வருகிறவர்களிடம் எல்லாம் அதைத்தான் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் அந்தக் கண்ணாடியில் ஒரு புறா பதிந்திருந்தது. புறா இல்லை, அதன் அச்சு. விரித்த இரண்டு இறக்கை, ஒவ்வொரு இறகும் வெள்ளைக் கோடாக, தலை இருந்த இடத்தில் தேய்த்தது போல ஒரு வட்டம். புறாவின் இறகில் மாவு மாதிரி ஒரு தூள் இருக்குமே, அது அப்படியே ஒட்டியிருந்தது. கீழே போய்த் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் பறந்து போய்விட்டாலே தப்பித்தது என்று அர்த்தமில்லை, உள்காயத்தில் பிறகு எங்கேயாவது விழுந்து சாவதும் உண்டு. அதே மாதத்தில் இரண்டு சின்னக் குருவிகள் கண்ணெதிரே விழுந்தன.

பறவைகள் கண்ணாடியில் மோதாமல் இருக்க முதலில் வாங்கியது கறுப்புப் பருந்து ஸ்டிக்கர். சுத்த வீண். அசையாத பருந்தை எந்தப் பறவை மதிக்கும்? ஒட்டின இடத்தை மட்டும் விட்டுவிட்டு ஒரு முழம் தள்ளி வந்து மோதியது. அடுத்து, மனிதக் கண்ணுக்குத் தெரியாது, பறவைக்கு மட்டும் தெரியும் என்று விற்கிற புற ஊதா ஸ்டிக்கர். எல்லாப் பறவைக்கும் அந்த ஒளி ஒரே மாதிரி தெரிவதில்லை, போதாததற்கு வெயிலில் மங்கிவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் உரித்துப் போட்டேன்.

இப்போது இருப்பது பொட்டு டேப். சுருளாக வரும். டேப்பைக் கண்ணாடியில் அழுத்தித் தேய்த்துவிட்டு உரித்தால் பொட்டுகள் மட்டும் தங்கும். ஒரு பொட்டு 6 மில்லிமீட்டர், பொட்டுக்குப் பொட்டு 5 சென்டிமீட்டர். விஷயமே அந்த இடைவெளியில்தான். சின்னப் பறவைகள் கிளைகளுக்கு நடுவே துளியூண்டு சந்தில் நுழைந்து பழகியவை, அகலமாக விட்டால் அதையும் சந்து என்று நினைத்துப் புகுந்துவிடும். 2023 அக்டோபரில் சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டுக் கட்டடத்தின் கண்ணாடியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 1,000 பறவைகள் மோதிச் செத்தன. அடுத்த வருடம் அந்தக் கண்ணாடி முழுக்க இதே மாதிரி பொட்டு ஒட்டினார்கள், சாவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அதைப் படித்துத்தான் எனக்கு இதில் நம்பிக்கை வந்தது.

ஒட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கண்ணாடியை நன்றாகத் துடைக்காமல் முதல் பட்டையை ஒட்டினேன், உரிக்கும்போது பாதிப் பொட்டு டேப்போடு திரும்பி வந்துவிட்டது. அப்புறம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தித் தேய்த்தபின் சரியாகப் பிடித்தது. டேப் ஓரத்தில் அச்சடித்திருந்த அளவுக்கோடு பொட்டுகளோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஒத்துவரவில்லை, நாலாவது வரிசையிலேயே கோணல். விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. இதைவிடப் பெரிய குறை, கூட வந்த தாளில் உள்பக்கமும் ஒட்டலாம் என்று போட்டிருப்பது. நம்பாதீர்கள். உள்ளே ஒட்டினால் வெளியே விழும் மரத்தின் பிம்பம் பொட்டை மறைத்துவிடும். கண்ணாடிக்கு வெளியே கை எட்டாத வீடு என்றால் இதை வாங்காமல், ஜன்னலுக்கு வெளியே வலை அடித்துக்கொள்வது மேல்.

உள்ளேயிருந்து பார்க்க எப்படி இருக்கிறது? முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "என்னங்க, ஜன்னலுக்கு அம்மை போட்டிருக்கா?" என்றார். இரண்டு வாரத்தில் கண் பழகிவிட்டது, இப்போது மரத்தைப் பார்க்கிறேன், பொட்டு கண்ணிலேயே படுவதில்லை.

ஒன்று, இது பகலுக்குத்தான். ராத்திரியில் வலசை போகும் பறவைகளை இழுப்பது வீட்டு வெளிச்சம், அதற்கு விளக்கை அணைப்பதும் திரைச்சீலை இழுப்பதும்தான் வழி, அதற்குக் காசும் வேண்டாம்.

எட்டு மாதத்தில் ஒரே ஒரு 'டொக்'. மேலே கை எட்டவில்லை என்று ஒரு சாண் அளவுக்கு வெறுமனே விட்டிருந்தேன், சரியாக அங்கேதான் வந்து இடித்தது ஒரு குருவி. காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், தண்ணீர் கூடக் கொடுக்காமல் ஒரு மணிநேரம் வைத்திருந்துவிட்டுத் திறந்தேன், மரத்துக்குப் போய்விட்டது. டேப் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏணி இரவல் வாங்கப் போகிறேன்.