சேலம் போக ஓசூர் லைனா, ஜோலார்பேட்டை லைனா?

பெங்களூர்ல இருந்து சேலம் போக ரெண்டு ரயில் ரூட் இருக்கு. ஒண்ணு கார்மேலரம், ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, தர்மபுரி, ஓமலூர்னு நேரா இறங்குறது. இன்னொண்ணு கே.ஆர்.புரம், மாலூர், பங்காருபேட்டை, குப்பம்னு ஆந்திராவையும் ஒரு எட்டு தொட்டுட்டு ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், மொரப்பூர், பொம்மிடி வழியா சுத்தி வர்றது. ஓசூர் பக்கம் சுமார் 220 கிமீ, ஜோலார்பேட்டை பக்கம் சுமார் 265 கிமீ. மேப்ப பாத்தா யாரும் ஓசூர்னுதான் சொல்லுவாங்க, ஆனா நான் ரெண்டுலயும் போய் வந்துட்டு இப்ப ஜோலார்பேட்டை பக்கம்தான் டிக்கெட் போடுறேன். டிக்கெட் விலைல பெரிய வித்தியாசம் இல்ல, அதை விட்டுடுவோம்.

விஷயம் க்ராஸிங்தான், அதாவது எதிர் வண்டிக்கு வழி விட்டு நிக்கிறது. ஓசூர் தாண்டி ஓமலூர் வரைக்கும் சிங்கிள் லைன். கரண்ட் லைன் போட்டாச்சு, ஆனா தண்டவாளம் ஒண்ணுதான், அதனால எதிர்ல ஒரு வண்டி வந்தா ரெண்டுல ஒண்ணு ஏதாவது ஸ்டேஷன்ல லூப் லைன்ல, அதாவது பக்கத்துல பிரிஞ்சு போற தண்டவாளத்துல, ஒதுங்கி நிக்கணும், எதிர் வண்டி முழுசா உள்ள வந்த பிறகுதான் இதுக்கு சிக்னல் விழும். டைம்டேபிள்படி எல்லாம் ஓடுனா இதுல ஒரு கஷ்டமும் இல்ல. ஆனா எங்கயோ தெக்க கிளம்புன வண்டி அரை மணி லேட்டுன்னா அதோட லேட்டு நம்ம வண்டிக்கும் ஒட்டிக்கும், நம்மகிட்ட இருந்து அடுத்த வண்டிக்கு போகும். 2023 டிசம்பர்ல இருந்து கோயம்புத்தூர் வந்தே பாரத்தும் இந்த லைன்லதான் ஓடுது, அது வர்ற நேரத்துக்கு மத்த வண்டி ஒதுங்கித்தான் ஆகணும். வந்தே பாரத்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு ஓசூர் லைன் அருமை, சாதா எக்ஸ்பிரஸ்ல போறவங்களுக்கு அப்படி இல்ல.

ஜோலார்பேட்டை பக்கம் முழுக்க டபுள் லைன், எதிர் வண்டிக்காக நிக்கிற பேச்சே இல்ல. பின்னாடி வர்ற வேகமான வண்டிக்கு வழி விடுறது அங்கயும் உண்டுதான், ஆனா அது அவ்வளவு நேரம் இழுக்காது. இன்னொரு சௌகரியம், நேர் வண்டில டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்ல போயிட்டாலும் கை விட்டுப் போகாது, பிருந்தாவன் மாதிரி சென்னை வண்டில ஜோலார்பேட்டை போய் இறங்கிட்டா சென்னையில இருந்து கோயம்புத்தூர், கேரளா பக்கம் போற வண்டி ஏதாவது ஒண்ணு வந்துடும். ஓசூர் லைன்ல ஒரு வண்டிய விட்டா அடுத்தது எப்பன்னு பாத்துட்டு பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகணும். கே.ஆர்.புரத்துல ரயில் ஸ்டேஷன் பக்கத்துலயே மெட்ரோவும் இருக்கு, பெட்டியோட ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேச வேண்டாம்.

அழகுன்னு பாத்தா ஓசூர் லைன்தான், அதுல சந்தேகமே இல்ல. சிவாடி, முத்தம்பட்டி, தொப்பூர்னு பாறையை வெட்டி போட்ட பாதையில வண்டி வளைஞ்சு வளைஞ்சு இறங்குறப்ப ஜன்னல் சீட் கிடைச்சா போன் எடுக்கவே தோணாது. ஆனா அதே முத்தம்பட்டி பக்கம்தான் 2021 நவம்பர்ல கண்ணூர்ல இருந்து யஷ்வந்த்பூர் வந்த எக்ஸ்பிரஸ் மேல பாறை விழுந்து பெட்டிங்க தடம் புரண்டுச்சு, நல்லவேளை யார் உயிருக்கும் ஒண்ணும் ஆகல. மழைக்காலத்துல நான் அந்தப் பக்கம் ரொம்ப போனதில்ல, அதனால அதை வச்சு பயமுறுத்த மாட்டேன்.

எலக்ட்ரானிக் சிட்டில இருக்குற என் மச்சான் இதுக்கு ஒத்துக்க மாட்டாரு. அவருக்கு ஹீலலிகே, கார்மேலரம் ரெண்டும் கிட்ட, கே.ஆர்.புரம் வர்றதுக்கே சில்க் போர்டு ட்ராஃபிக்ல பாதி சாயங்காலம் போயிடும், அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஊரு தர்மபுரி, பாலக்கோடுன்னா கேள்வியே இல்ல, ஓசூர் லைன்தான். அந்த லைன்ல ஓசூர் வரைக்கும் டபுள் லைன் வேலை நடந்துட்டு இருக்கு, அது முடிஞ்சா பெங்களூர் பக்கத்து நிறுத்தம் குறையும். ஆனா தொப்பூர் மலைப்பக்கமும் ரெண்டாவது தண்டவாளம் வர்ற வரைக்கும் சேலத்துக்கும் அதைத் தாண்டியும் போறவங்களுக்கு நான் திருப்பத்தூர் வழிதான் சொல்லுவேன்.